திருவள்ளூரில் பிறந்த 'ரேஸ்' கார்... செகண்ட் ஹேண்டில் மலிவா வருதுன்னு வாங்கலாமா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை என்னென்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, அம்பத்தூரிலோ, கடம்பத்தூர் பக்கமோ ஷிஃப்ட் முடிந்து வரும் இளைஞர்களின் போனில் இப்போது அடிக்கடி கண்ணில் படுவது பழைய ஸ்போர்ட்ஸ் கார் விளம்பரங்கள். புது ஹேட்ச்பேக்கின் முன்பணத்துக்கே ஒரு பழைய லான்சர் சீடியா கிடைக்கும் என்கிறார்கள். ஒரு நடுத்தர எஸ்யூவியின் விலைக்கு ஜெர்மன் கூப்பே கிடைக்கும் என்கிறார்கள். 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் பறந்தன. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவது வந்தது. ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி கேட்டே ஆகணும். புதுசில் பத்து லட்சத்துக்கு மேல், சில நேரம் அரைக் கோடிக்கு மேல் விற்ற கார் இன்று ஏன் இவ்வளவு மலிவு? வயசானதால் மட்டும் அல்ல. பெரும்பாலான நேரங்களில் அந்தக் காருக்கு ஒரு பெரிய பில் பாக்கி இருக்கிறது. அது வரி பில்லாக இருக்கலாம், எஞ்சின் பில்லாக இருக்கலாம், வெள்ளத்தில் நனைந்த வயரிங் பில்லாக இருக்கலாம். விற்பவர் அந்த பில்லை உங்கள் கையில் தள்ளிவிட்டுப் போகிறார். அது எந்த பில் என்று கண்டுபிடிப்பதுதான் செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதில் உள்ள மொத்த வேலையும்.

நம்ம ஊர் கார்

இந்தக் கதையில் திருவள்ளூருக்கு நேரடிப் பங்கு உண்டு. கடம்பத்தூர் அருகே அதிகத்தூரில் இருக்கும் ஆலையில்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், ஜப்பானின் மிட்சுபிஷியுடன் சேர்ந்து 1998 முதல் லான்சர் கார்களைத் தயாரித்தது. 1996 முதல் 1999 வரை உலக ராலி சாம்பியன்ஷிப்பை ஃபின்லாந்து வீரர் டாமி மாக்கினென் தொடர்ந்து நான்கு முறை வென்றதும் லான்சரின் ரேஸ் வடிவமான 'எவல்யூஷன்' காரில்தான். அந்தப் பெயரின் மயக்கம் இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது.

2006-ல் வந்தது லான்சர் சீடியா. 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 115 குதிரைத்திறன். கண்டிப்பாகப் பார்த்தால் இது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஸ்போர்ட்டியான செடான். ஆனால் இந்திய ராலி களத்தில் பல ஆண்டுகள் சீடியாக்கள்தான் ஓடின. பட்ஜெட்டில் 'ஃபீல்' வேண்டும் என்பவர்கள் இன்றும் இதைத் தேடுகிறார்கள். ஹோண்டா சிட்டி வி-டெக், ஃபியட் பாலியோ 1.6, அபார்த் புண்டோ, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். எல்லாமே இதே வகைதான்.

இன்று அதிகத்தூர் ஆலையில் சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. மிட்சுபிஷி இந்தியாவில் புதிய கார் விற்பதில்லை. அதாவது, காரைப் பெற்ற ஆலை பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், அந்த வாசலில் போய் பார்ட்ஸ் கேட்க முடியாது. இது சாதாரண விஷயம் இல்லை, பின்னால் வருவோம்.

15 வயசு பிரச்னை

முதல் சீடியாக்களுக்கு 2021-லேயே 15 வயது முடிந்துவிட்டது. மற்றவையும் ஒவ்வொன்றாக அந்தக் கோட்டைத் தாண்டுகின்றன. சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதன்பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காரைக் காட்டி, தகுதி பார்த்து, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். பேச்சு வழக்கில் இதைத்தான் 'எஃப்.சி. எடுக்கிறது' என்கிறோம்.

இதற்கான மத்திய அரசுக் கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 வயதைத் தாண்டிய கார் என்றால் 10,000 ரூபாய். இறக்குமதி செய்யப்பட்ட கார் 20 வயதைத் தாண்டினால் 80,000 ரூபாய்! பழைய போர்ஷே, பழைய பி.எம்.டபிள்யூ. கனவில் இருப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணை இரண்டு முறை படியுங்கள். இவற்றுடன் மாநிலத்தின் பசுமை வரியும் சேரும்.

புதுப்பிக்காமல் விட்டிருந்தால் காருக்கு மாதம் 500 ரூபாய் வீதம் கூடுதல் கட்டணம் வசூலிக்க விதியில் இடம் உண்டு. மூணு வருஷம் தூசி படிய நின்ற கார் என்றால் அந்த ஒரு கணக்கில் மட்டும் 18,000 ரூபாய். 'எஃப்.சி. மட்டும் எடுக்கணும் சார், சின்ன வேலைதான்' என்று விற்பவர் சொன்னால், அந்தச் சின்ன வேலையை அவரையே முடித்துத் தரச் சொல்லுங்கள். முடித்துத் தந்தால் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. தயங்கினால், கார் அந்தச் சோதனையில் தேறாது என்பது அவருக்கே தெரிந்திருக்கலாம்.

டெல்லி கார் ஏன் சீப்?

இணையத்தில் வரும் மலிவான சொகுசு, ஸ்போர்ட்ஸ் கார்களில் கணிசமானவை டெல்லி வட்டாரத்துப் பதிவு எண் கொண்டவை. காரணம் எளிது. காற்று மாசு காரணமாக அங்கே 10 வயது தாண்டிய டீசல் கார், 15 வயது தாண்டிய பெட்ரோல் கார் ஓட்டத் தடை உண்டு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. 2025-ல் இந்த வயது வரம்பு மறுபடியும் உச்ச நீதிமன்றப் படியேறியது. பழசான காரை எப்படியாவது வெளி மாநிலத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் அங்கிருக்கும் உரிமையாளருக்கு. அதனால் விலை இறங்குகிறது. கார் கெட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் அங்கே 'முடிந்த' வயதுக்கணக்கோடு இங்கே வருகிறது என்று அர்த்தம்.

வெளிமாநிலக் கார் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி., அதாவது படிவம் 28. அது இல்லாமல் இங்கே பெயர் மாற்ற முடியாது. அடுத்து வரி. வேறு மாநிலத்தில் ஆயுள் வரி கட்டியிருந்தாலும், தமிழ்நாட்டுக்கு மாற்றும்போது இங்கே காரின் வயதுக்கேற்ப மறுபடி கட்ட வேண்டும். 2023 நவம்பரில் தமிழ்நாடு ஆயுள் வரியை உயர்த்தியது. 20 லட்சத்துக்கு மேலான புதிய காருக்கு வரி இப்போது 20 சதவீதம். பழைய காருக்கு விகிதம் குறையும் என்றாலும், விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்தக் 'குறைவு'கூட நல்ல தொகைதான்.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். எளாவூர் செக்போஸ்ட், ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரா. அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் வீடு என்று வாழ்பவர்கள் நிறைய. ஆந்திரா எண்ணிலேயே ஓட்டிக்கொள்ளலாம், யார் கேட்கப் போறாங்க என்ற நினைப்பு இங்கே சகஜம். சட்டப்படி 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்து ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். மாருதி ஆல்டோவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மஞ்சள் கலர் கூப்பேயை ஜி.என்.டி. சாலையில் நிறுத்தாத போலீஸ் உண்டா? புதுச்சேரி எண் சொகுசு கார்களுக்கும் இதே கதிதான். 2017-ல் கேரளாவில் பிரபலங்களின் புதுச்சேரிப் பதிவு கார்கள் பெரிய வழக்காகவே ஆனது நினைவிருக்கலாம்.

பூட்டான் வழியாக வந்த பாடம்

2025 செப்டம்பர் 23. கேரளாவில் சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் ஒரே நாளில் பல ஊர்களில் சோதனை நடத்தி 36 கார்களைப் பறிமுதல் செய்தது. திரை நட்சத்திரங்களின் வீடுகளும் சோதனைக்குத் தப்பவில்லை. பூட்டானிலிருந்து வரி கட்டாமல் கார்களைக் கொண்டுவந்து, போலி ஆவணம் மூலம் வட மாநிலங்களில் பதிவு செய்து, பிறகு தெற்கே விற்றார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. நும்கோர் என்றால் பூட்டான் மொழியில் வாகனம்.

அதில் சிக்கியவை பெரும்பாலும் பெரிய எஸ்யூவிக்கள். ஆனால் பாடம் எல்லா இறக்குமதி காருக்கும் ஒன்றுதான். ஆர்.சி. கையில் இருந்தாலும், பரிவாகன் தளத்தில் பெயர் வந்தாலும், சுங்க வரி கட்டாத கார் என்று தெரிந்தால் அது உங்கள் கையில் இருந்தே பறிபோகும். நான் அப்பாவி, காசு கொடுத்து வாங்கினேன் என்று சொல்லலாம். அது வழக்கு நடத்த உதவும், காரைத் திருப்பித் தராது.

எனவே முழுதாக இறக்குமதியான கார் என்றால் 'பில் ஆஃப் என்ட்ரி' கேளுங்கள். இறக்குமதியின்போது சுங்கத்துறையில் தாக்கலாகும் ஆவணம் இது. பயன்படுத்திய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர விதிகள் மிகக் கடுமை: மூன்று வயதுக்கு மேல் இருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஆக, 1990-களின் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று 2010-களில் முதல் பதிவு ஆகியிருந்தால், அது எப்படி உள்ளே வந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அங்கிருந்து நகராதீர்கள். இல்லை, நகர்ந்துவிடுங்கள், காரில்லாமல்.

வெள்ளத்தில் நின்ற காரா?

சென்னையைச் சுற்றிய மாவட்டங்களில் இதுதான் பெரிய ஆபத்து. 2015 டிசம்பர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஆவடி, பட்டாபிராம், மீஞ்சூர், பொன்னேரி பக்கமெல்லாம் தண்ணீர். அம்பத்தூர் தொழிற்பேட்டையும் மூழ்கியது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியது சும்மா இல்லை, பட்ட அனுபவம்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு வெள்ளம் இரட்டை அடி. தரையோடு தரையாக இருக்கும், காற்று உறிஞ்சும் குழாயும் பல மாடல்களில் தாழ்வாக இருக்கும். சாதாரணக் கார் தாண்டிப்போகும் தண்ணீரில் இது மூச்சுத் திணறும். எஞ்சின் ஓடும்போது தண்ணீர் உள்ளே போனால், பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. வளைவது கனெக்டிங் ராடு. கொடுமை என்னவென்றால், லேசாக வளைந்த ராடோடு அந்த எஞ்சின் சில மாதங்கள்கூட ஓடும். வாங்கியவர் ஒருநாள் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போதுதான் ராடு உடைந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சீட் பெல்ட்டை முழுசா, கடைசி வரை இழுத்துப் பாருங்கள். காரை எவ்வளவு வாட்டர் வாஷ் செய்தாலும் பெல்ட்டின் உள்சுருளைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை. சேற்றுக் கோடு அங்கே அப்படியே இருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் பாருங்கள். சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா? டேஷ்போர்டுக்குக் கீழே கைவிட்டு, வயர் கனெக்டர்களில் பச்சைப் பூச்சு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய காரில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதுசாக இருந்தால், ஏன்? ரூம் ஸ்ப்ரே வாசனை தூக்கலாக இருந்தால், எதை மறைக்க?

இன்னொரு வழி, பழைய இன்சூரன்ஸ் பாலிசி எண்ணை வாங்கி க்ளெய்ம் விவரம் கேட்பது. 2015 டிசம்பரிலோ 2023 டிசம்பரிலோ பெரிய க்ளெய்ம் இருந்தால் கதை புரிந்துவிடும். 'டோட்டல் லாஸ்' என்று இன்சூரன்ஸ் நிறுவனம் கைகழுவிய கார்கள் சால்வேஜ் ஏலத்தில் போகும். அதில் சில, பட்டி பார்த்து பெயிண்ட் அடித்து மீண்டும் சந்தைக்கு வரும். நேற்று வரை யார்டில் கிடந்த கார், இன்று விளம்பரத்தில் 'சிங்கிள் ஓனர், மின்ட் கண்டிஷன்'.

துரு விஷயத்தில் நம் வட்டாரத்துக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பழவேற்காடு, காட்டுப்பள்ளி, எண்ணூர் பக்கம் உப்புக் காற்று. உருக்காலைகள் இருக்கும் பகுதியில் வருஷக்கணக்கில் வெளியே நின்ற காரின் பெயிண்ட்டில் நுண்ணிய இரும்புத் துகள் ஒட்டி ஆரஞ்சுப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். உள்ளங்கையால் பானட்டைத் தடவினால் மணல் தாள் மாதிரி சொரசொரக்கும். அது பெயிண்ட்டோடு போகிற பிரச்னை, பயப்பட வேண்டாம். ஆனால் மேலே பளபளப்பாக இருந்து, அடியில் சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தில் தகடு உரிந்தால், அந்தக் காரைத் தொடாதீர்கள். ராம்ப்பில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்காமல் எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் அட்வான்ஸ் தரக்கூடாது.

காலையில் போங்க, சொல்லாமல் போங்க

எஞ்சினைப் பார்க்கச் சரியான நேரம் காலை, முதல் ஸ்டார்ட். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகவே முன்கூட்டி ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம்.

சாதாரணக் காரில் இல்லாத ஒரு பிரச்னை ஸ்போர்ட்ஸ் காரில் உண்டு. ஓட்டிய கை எப்படிப்பட்டது என்பதுதான் அது. 90,000 கிலோமீட்டர் ஓடி ஒழுங்காகச் சர்வீஸ் ஆன கார், 30,000 கிலோமீட்டர் மட்டும் ஓடி ஒவ்வொரு சிக்னலிலும் டயர் தேய்த்த காரைவிட நூறு மடங்கு மேல். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. டிராக்கில் ஓட்டுவது தப்பே இல்லை, சாலையில் ஓட்டுவதைவிட அதுதான் சரி. ஆனால் டிராக்கில் ஓடிய காரின் பிரேக், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் கணக்கே வேறு. பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விரல் வைத்தால் தெரியும் விளிம்பு உயரம், டயரின் உள்பக்கத் தேய்மானம் இவை எல்லாம் சொல்லிவிடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். '1419' என்றால் 2019-ன் 14-வது வாரம். கார் 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்பார்கள், டயர் மூன்றாவது செட்டாக இருக்கும். கணக்கு இடிக்கும்.

ராலி ஓடிய சீடியா என்றால் உள்ளே கதவுத் தூண்களின் அருகே, தரையில் வெல்டிங் வெட்டிய தடம் இருக்கும். பாதுகாப்புக் கூண்டு பொருத்திக் கழற்றிய அடையாளம்.

லான்சர், சீடியா வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் பில் டைமிங் பெல்ட் மாற்றிய பில். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். எஞ்சினைப் பிரித்தே ஆகணும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள். டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் உள்ள ஆக்டேவியா, போலோ வகையறாக்களில் மெதுவாக ஊர்ந்து போகும்போது ஜெர்க் அடிக்கிறதா பாருங்கள். நெடுஞ்சாலையில் தெரியாது, திருவள்ளூர் ரயில்வே கேட் மாதிரி நெரிசலில் தெரியும். 1997 முதல் 2008 வரையிலான பல போர்ஷே 911, பாக்ஸ்டர், கேமன் எஞ்சின்களில் ஐ.எம்.எஸ். பேரிங் எனும் ஒற்றைப் பாகம் போனால் எஞ்சினே போகும். அதை மாற்றிய ஆவணம் கேட்பது உலகம் முழுக்க வழக்கம்.

இப்போது பார்ட்ஸ். சென்னையில் கைகொடுப்பது புதுப்பேட்டை. பழைய உதிரிபாகம் அங்கே கிடைக்கும். ஆனால் பம்பரும் கண்ணாடியும் கிடைப்பது வேறு, ஏ.பி.எஸ். யூனிட்டும் சென்சாரும் நம்பிக்கையாகக் கிடைப்பது வேறு. பல நேரம் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இது உங்கள் ஒரே கார், அதில்தான் காலை ஷிஃப்ட்டுக்குப் போகணும் என்றால், நேராகவே சொல்கிறோம்: 15 வயது ஸ்போர்ட்ஸ் கார் வேண்டாம். வீட்டில் பைக் இருக்கிறது, கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம்.

ஈ20 பெட்ரோல் ஒத்துக்குமா?

2025-ல் அதிகம் பேசப்பட்ட விஷயம். பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் அதற்கேற்பத் தயாரானவை. 2006 சீடியா அப்படியில்லை. பழைய வாகனங்களில் சில ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்டுகளை மாற்ற வேண்டியிருக்கலாம், அது சர்வீஸில் எளிதாக முடியும் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்றும் ஒப்புக்கொண்டது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் மைலேஜுக்குக் கவலைப்படுவதில்லை. கவலைப்பட வேண்டியது மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரைப் பற்றி. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க்கில் பழைய பெட்ரோலோடு நின்ற கார் என்றால் பெட்ரோல் பம்ப், ஹோஸ், இன்ஜெக்டர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாடிஃபிகேஷன்: ஃப்ரீயா வர்ற தொல்லை

எக்ஸாஸ்ட் மாற்றியது, ஈ.சி.யு. ரீமேப் செய்தது, பெரிய வீல் போட்டது எல்லாம் விற்பவருக்குப் பெருமை, அதற்கும் சேர்த்துக் காசு கேட்பார். உங்களுக்கு அது வழக்கு. தயாரிப்பாளரின் மூல வடிவத்தை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் க்ளெய்மையும் மறுக்கலாம்.

இதில் பெரியது எஞ்சின் மாற்றம். பழைய லான்சரில் வேறு எஞ்சின் உட்கார்ந்திருந்தால், ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது. பெயர் மாற்றத்துக்கோ எஃப்.சி.க்கோ போகும்போது சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள் அல்லவா, அதே வேலையை வாங்கும் முன்பே நீங்கள் செய்யுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ, புதுப் பெயிண்ட்டோ இருந்தால் அது மாடிஃபிகேஷன் இல்லை, திருட்டு வாசனை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் வாகன எண், சேஸிஸ் எண் கொடுத்து திருட்டுப் புகார் இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம்.

டீலரா, நேரடியாகவா?

எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டாலே பதிவுத் தேதி, எஃப்.சி. முடியும் தேதி, இன்சூரன்ஸ், கடன் பாக்கி எல்லாம் வந்துவிடும். டிஎன்-20 என்று தொடங்கினால் திருவள்ளூர் ஆர்.டி.ஓ. பதிவு. 'ஹெச்.பி.' இன்னும் நீங்கவில்லை என்றால், வங்கியின் கடிதமும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப்பணம் தராதீர்கள். இ-சலான் பாக்கியையும் பாருங்கள். வேகமான காருக்கு அபராதமும் வேகமாகச் சேரும்.

டீலரிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் பழைய கார் டீலர்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வேண்டும் என்பதைக் கேட்டுப் பாருங்கள். வரி பற்றி ஒரு குழப்பம் சுற்றுகிறது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பழைய கார் விற்பனைக்கு 18 சதவீதம் என்று முடிவெடுத்தது. முழு விலைக்கு இல்லை, டீலரின் லாபத்துக்கு மட்டும். ஆறு லட்சத்துக்கு வாங்கி ஏழு லட்சத்துக்கு விற்றால், ஒரு லட்சத்துக்கு 18,000 ரூபாய். தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் ஜி.எஸ்.டி. இல்லவே இல்லை. ஏழு லட்சத்துக்கும் 18 சதவீதம் கேட்பவரிடம் பில் போட்டுத் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறும். ரொக்கம் இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வருமான வரிச் சட்டப்படி வாங்குபவருக்கு இல்லை, பணத்தைப் பெறுபவருக்கு அபராதம். அதனால் வங்கி வழியே கொடுங்கள், உங்களுக்கும் அதுவே ஆதாரம்.

காரைக் கொடுக்கிறவருக்கும் ஒரு வார்த்தை. படிவம் 29, 30 கையெழுத்து போட்டுக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாமல் கார் நான்கு கை மாறி, ஐந்தாவது ஆள் விபத்து ஏற்படுத்தினாலும், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஓடாத காரைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுபவர்களுக்கும் இது பொருந்தும். கும்மிடிப்பூண்டியில் உருகிக் கம்பியாகிப் போன காரின் ஆர்.சி. மட்டும் உயிரோடு இருந்தால், அதை ஒரு திருட்டுக் காருக்கு மாட்டிவிட ஆள் இருக்கிறார்கள். பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, டெபாசிட் சான்று வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள்.

வாங்கியவர் இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவருடையது. 15 வயது காருக்கு முழு இன்சூரன்ஸ் தர பல நிறுவனங்கள் தயங்கும் என்பதால், காருக்குப் பேசும் முன்பே பிரீமியத்துக்கு விலை கேட்டு வையுங்கள்.

சாவி வாங்கும் அன்று ஒரு டெலிவரி நோட் எழுதுங்கள். தேதியோடு மணி, நிமிடமும் இருக்கட்டும். ஓடோமீட்டர் எண்ணும் இருக்கட்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி. அந்த நிமிடத்துக்கு முன் வந்த சலான் அவருடையது, பின் வருவது உங்களுடையது. இரண்டாவது சாவியையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.